தெலுங்கில் பேசிய கல் யானை

எங்கள் மகள் தர்ஷினி மறைந்தபின் மூன்றாவது மழைக்காலம் தொடங்கியிருந்தது. அதுவரையில் என் மனைவி சம்பங்கி அவளது பெயரை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சமைத்தாள், ரோஜாத் தோட்டத்துக்கு வேலைக்குச் சென்றாள், தக்காளி விலையைப் பற்றிப் பேசினாள். மகளைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றுவிடுவாள். எங்கள் வீடு இரண்டே அறைகளைக் கொண்டது. ஆகையால் அவளால் வெகுதூரம் செல்ல இயலாது. எனினும் சென்றுவிடுவாள்.

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்பது ஒன்றே அந்நாளில் என் விருப்பமாக இருந்தது. ஒரு பிள்ளையை இருவர் சேர்ந்து நினைப்பதற்கும் ஒருவன் மட்டும் நினைப்பதற்கும் வேறுபாடு உண்டு. நான் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தால் மகள் சிறிது சிறிதாகக் குறைந்துவிடுவாளோ என்று அஞ்சினேன். இதன்பொருட்டே ஒருநாள் கேபிள் ஆஞ்சப்பனின் கடைக்குச் சென்று, முன்னொரு காலத்தில் மாலைதோறும் வந்த கார்ட்டூன் தொடர் ஒன்றில், குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தேடித் தர இயலுமா என்று கேட்டேன்.

அத்தொடரைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். கதிரவனின் நெருப்பை யாரோ திருடி மேக ஆற்றின் மறுகரையில் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். அதனால் உலகம் மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. நீமா என்னும் சிறுமி அந்நெருப்பை மீட்டுவரப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணையாகக் கோரு என்னும் கல் யானை வருகிறது. அதன் உடல் முழுவதும் பாறை. முதுகில் பச்சைப் பாசி. கழுத்தில் ஒரு மணி. மலைகளைக் கடந்து அவளைச் சுமந்துசெல்லும் அந்த யானையின் மேல் என் மகள் கொண்டிருந்த அன்பு அளவில்லாதது. ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கி ராகிக் கொல்லையில் புகுந்தது என்று செய்தித்தாளில் வந்தால், அவற்றுள் கோருவும் இருந்ததா என்று கேட்பாள். கேலியாகக் கேட்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்பதை அவள் முகத்திலிருந்து அறிய முடியாது.

அத்தொடர் எங்கள் வீட்டில் தெலுங்கில் ஒலித்தது. அந்த அலைவரிசைக்குப் பல மொழிகளில் குரல் உண்டு என்றும், எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளே மிகுதி என்பதால் ஆஞ்சப்பன் தெலுங்கைத் தேர்ந்து விட்டிருந்தான் என்றும் பின்னாளில் அறிந்தேன். நானோ மானாமதுரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவன். காய்கறி வாங்கும் அளவுக்கே எனக்குத் தெலுங்கு வரும். சம்பங்கி கெலமங்கலத்தில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என வளர்ந்தவள். கம்பெனிப் பேருந்துக்காக இருவரும் ஒரே நிறுத்தத்தில் காத்து நின்ற பழக்கமே எங்கள் திருமணத்துக்குக் காரணமாயிற்று. மகள் தாயுடன் தெலுங்கும் என்னுடன் தமிழும் பேசினாள். தொலைக்காட்சியின் முன்னே எங்கள் இருவருக்கும் நடுவில் அமர்ந்து, திரையில் ஒருவர் பேசி முடிக்குமுன்பே அதைத் தமிழாக்கி என் காதில் சொல்வாள். ஆணுக்குக் கட்டைக்குரல், கிழவிக்கு நடுங்கும் குரல், யானைக்கு வயிற்றிலிருந்து எழும் குரல் எனக் குரலையும் மாற்றிக்கொள்வாள்.

உலோகத் தகட்டை அச்சில் அழுத்தும் பிரஸ் பிரிவில் எனக்கு வேலை; அங்கே ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். காலை ஷிப்ட் வாரத்தில் மட்டுமே மாலையில் வீட்டில் இருப்பேன். மதிய ஷிப்ட் வாரங்களில் நான் தவறவிட்ட பகுதிகளை அவள் மறுநாள் காலையில் தாய் சடை பின்னிவிடும் நேரத்தில் கூறி முடிப்பாள். இவ்வாறு, அத்தொடரில் பாதியைக் கண்ணால் கண்டேன். முழுவதையும் அவள் வாயால் கேட்டேன்.

அவள் சொன்ன கதையில் கல் யானை ஷிப்ட் பார்த்தது. மலைக்குகையின் வாயிலில் நிற்கும் பூதம் அடையாள அட்டையைக் கேட்டது. பனிக்கோட்டை அரசி, உற்பத்தி குறைந்துவிட்டது என்று தன் வீரர்களைத் திட்டினாள். நான் இவற்றையெல்லாம் ஐயமின்றி நம்பினேன். கற்பனை நாடாயினும் அங்கும் வேலை என்று ஒன்று இருக்குமன்றோ. வெளிநாட்டில் அமர்ந்து படம் வரைபவர்களுக்கு எங்களைப் போன்றோரின் வாழ்க்கை இத்தனை நுட்பமாகத் தெரிந்திருக்கிறதே என்று வியந்தேன். அந்த வியப்பைத் தொழிற்சாலை உணவுக்கூடத்திலும் சொன்னேன். எனக்கு அடுத்த பிரஸ்ஸில் வேலை செய்த முனிவேல் அதைக் கேட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே விசாரணையைத் தொடங்கினான்.

“ஏம்ப்பா பூபதி, அந்த யானை பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?”

“அதெல்லாம் சொல்லலை.”

“பி.எஃப். புடிக்கிறாங்களா?”

“கல் யானைக்கு எதுக்குப்பா பி.எஃப்.?”

“அப்ப கான்ட்ராக்டுதான். பாவம், தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ குடுத்து அனுப்பிச்சுடுவானுங்கோ.”

அன்று முதல் என்னைக் கண்டபோதெல்லாம், யானை வேலைக்கு வந்ததா, வாரவிடுப்பா என்று கேட்பது அவனுக்கு வழக்கமாயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. பெருமையே இருந்தது.

நான் ஆஞ்சப்பனிடம் கேட்ட பகுதி, நீமாவும் கோருவும் மேக ஆற்றங்கரையில் பிரியும் பகுதியாகும். கல்லால் ஆனது மேகத்தில் நிற்காது, அமிழ்ந்துவிடும். ஆதலால் யானை கரையிலேயே நிற்க, சிறுமி தனியே மறுகரைக்கு நடக்கிறாள். அவ்விடத்தில் யானை கூறியதாக மகள் எனக்குச் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன்: “நீ போ பாப்பா. நான் கேட்லயே நிக்கிறேன். ஷிப்ட் முடிஞ்சாலும் கார்டு பஞ்ச் பண்ண மாட்டேன். நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே பஸ் ஏறலாம்.”

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இயலவில்லை.

அந்த நாள் முதல் கல் யானையின் சொற்களை நான் என்னுடையவையாகவே கொண்டேன். கரையில் நிற்பவன் நானே என்று எண்ணினேன். பிரஸ் இறங்கி ஏறும் ஓசைக்கு இடையே அச்சொற்களை மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். சம்பங்கியும் அன்று எங்கள் அருகில் அமர்ந்திருந்தாள் அல்லவா. அக்காட்சியை மீண்டும் கண்டால் அவளும் பேசுவாள், எழுந்து போகமாட்டாள் என்று நம்பினேன்.

ஆஞ்சப்பன் ரிமோட் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். “என்னண்ணா, இந்த வயசுல கார்ட்டூனு?” என்று சிரித்தவன், கேட்பவன் யார் என்பது நினைவுக்கு வந்ததும் திருப்புளியைக் கீழே வைத்தான்.

“பாப்பா பாக்குமே, அதா?”

“அதான்.”

“அது நின்னு போய் வருசமாச்சேண்ணா. சரி வுடுங்க. பெங்களூரு போறப்ப டிஸ்க் கெடைக்குதான்னு பாக்கறேன். கெடைச்சா நம்ம லோக்கல் சேனல்லயே போட்டுடறேன். உங்க வூட்ல பிளேயர் இல்ல பாருங்க.”

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, அவனே எங்கள் தெருவுக்கு வந்து என்னை அழைத்துச் சொன்னான். “நாளைக்கி மத்தியானம் போடறேண்ணா. தெலுங்கு டிஸ்க் எங்கியும் இல்ல. தமிழ்தான் கெடைச்சுது. உங்களுக்கு அதுதானே வசதி?”

நல்லதாயிற்று என்றே நானும் எண்ணினேன். மகள் சொன்ன சொற்களை யானையின் வாயாலேயே, என் மொழியிலேயே கேட்கப்போகிறேன் என்ற மகிழ்ச்சி அன்றிரவு முழுவதும் இருந்தது. சம்பங்கியிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொன்னால் கெலமங்கலத்துக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை உணவுக்குப் பின் அவள் தரையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். வெண்ணிற மேகம் திரை முழுவதும் ஓடியது, மணியோசை கேட்டது. அவளது கை நின்றது. தலையை உயர்த்தவில்லை. சிறிது நேரத்தில் கை மீண்டும் ஆயத் தொடங்கிற்று. எழுந்து போகவில்லை என்பதே எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

மீண்டும் பார்த்தபோது, முன்பு என் கண்ணில் படாதவை பல புலப்பட்டன. முன்பு நான் படத்தைப் பார்த்ததைவிடக் காதில் விழுந்த குரலைக் கேட்டதே மிகுதி. இப்போது காதருகில் குரல் இல்லை. ஆகவே கண் தனியாக வேலை செய்தது. யானையின் முதுகிலுள்ள பாசியில் சிறு வெண்பூக்கள் இருந்தன; சிறுமி அருகில் நிற்கும்போது அவை விரிந்தும், அவள் விலகும்போது குவிந்தும் காணப்பட்டன. ஓரிடத்தில் யானையின் கழுத்தில் மணி இல்லை. வரைந்தவர்கள் மறந்திருக்க வேண்டும். அடுத்த நொடியில் அது மீண்டும் தொங்கியது. சிறுமியின் பின்னல் இடத்தோளில் கிடந்து, அவள் திரும்பியதும் வலத்தோளுக்கு மாறிவிட்டது. இத்தகைய பிழைகளைக் கண்டுபிடித்தால் மகள் எவ்வளவு மகிழ்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அல்லது, அவள் அன்றே கண்டுபிடித்திருக்கவும் கூடும்.

அப்போது திரையின் அடியில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. பிறந்தநாள், திருமண நாள் ஆகியவற்றுக்கு வாழ்த்துச் சொல்லி உள்ளூர் அலைவரிசையில் ஓடவிடுவார்களே, அந்த வரி. ஆஞ்சப்பன் எவரும் கேட்காமலே போட்டிருந்தான். ‘இந்தப் படம் நமது தெரு செல்லப் பாப்பா தர்ஷினிக்காக’ என்று அது வலமிருந்து இடமாக நகர்ந்து, மறைந்து, மீண்டும் வந்தது.

“யாரு போடச் சொன்னது?” என்று சம்பங்கி கேட்டாள்.

“நான் படத்த மட்டுந்தான் கேட்டேன். பேரு அவனாப் போட்டுருக்கான்.”

“உசுரோட இருக்கறவங்களுக்குப் போடற மாதிரி போட்டிருக்கறான்.”

“நல்ல மனசுலதான் போட்டுருப்பான்.”

“நான் கெட்ட மனசுன்னு சொல்லலியே.”

இதற்குள் கதை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. சிறுமி யானையின் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நிமிர்ந்து அமர்ந்தேன். யானை தமிழில் பேசிற்று. செய்தி வாசிப்பவரின் குரலைப் போன்ற தெளிவான குரல் அது.

“நீமா, நான் கல்லாகப் பிறந்தவன். எனக்குக் கண்ணீரும் இல்லை, காத்திருக்கும் பழக்கமும் இல்லை. நீ திரும்பி வரும்போது நான் மலையோடு மலையாகியிருப்பேன். என்னைத் தேடாதே. நட.”

இவ்வளவே. கேட் இல்லை, ஷிப்ட் இல்லை, பேருந்து இல்லை. மொழிபெயர்ப்பில் ஏதோ விட்டுவிட்டார்கள் என்று முதலில் எண்ணினேன். சிறுமி அழுதாள், யானை மறுமொழி கூறவில்லை. விட்டுப்போன சொற்களுக்கு அங்கே இடமே இல்லை.

“இவனுங்க மாத்திட்டானுங்க சம்பங்கி,” என்றேன். “தெலுங்குல வேற மாதிரி இருந்துச்சு.”

சம்பங்கி கீரைத்தட்டைத் தள்ளிவைத்தாள். ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்தினாள். சிறுமி ஓசையின்றி மேகத்தின்மேல் நடந்துகொண்டிருந்தாள்.

“தெலுங்குலயும் இதாங்க சொல்லுச்சு,” என்றாள்.

“பஞ்ச் பண்ண மாட்டேன்னு சொல்லுச்சே.”

“யானை எங்கியாச்சும் பஞ்ச் பண்ணுமா? அவ சொன்னதுங்க அது. உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவளாக் கட்டினது. பூதம் கார்டு கேட்டுச்சே, அந்த ராணி புரொடக்சன் கொறஞ்சுதுன்னு கத்தினாளே, அதெல்லாம் எங்க இருந்துச்சு படத்துல? எனக்குச் சிரிப்ப அடக்கறதே பெரும்பாடா இருக்கும். நீங்க வேற வாயப் பொளந்துக்கினு கேப்பீங்க.”

மூன்று மழைக்காலங்களில் மகளைக் குறித்து அவள் பேசிய முதற்பேச்சு இது. நான் அசையாமல் இருந்தேன். சற்று அசைந்தாலும் அது நின்றுவிடும் என்று தோன்றிற்று.

“ஏன் அப்படிச் சொன்னா?” என்று கேட்டேன்.

“மொதல்ல வெளையாட்டுக்கு. நீங்க அதக் கம்பெனியில போய்ச் சொன்னீங்க இல்ல, முனிவேல் அண்ணன் நம்ம வூட்டுக்கு வந்தப்போ, யானை சௌக்கியமான்னு அவளக் கேட்டாரு. அப்புறம் அவளால நிறுத்த முடியல. அப்பா ஏமாந்து போயிடுவாரும்மான்னுவா.”

திரையில் சிறுமி சிறு புள்ளியாகிவிட்டிருந்தாள். யானை மட்டும் கரையில் நின்றது. எழுத்துவரி அதன் கால்களை மறைத்துக்கொண்டு ஓடிற்று. வரி முடிந்து, அடுத்தது வருமுன் இருந்த சிறிய இடைவெளியில் ஒன்றைக் கண்டேன். யானையின் முன்கால் ஒன்று மேகத்துக்குள் இறங்கியிருந்தது. காத்திருக்கும் பழக்கம் இல்லை என்று சொன்ன யானை, எவரும் பார்க்காதபோது ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறது. இத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப்பார்த்த காட்சியில் இதை நான் அறியவே இல்லை.

“கால வெச்சுருச்சு பாரு,” என்றேன்.

“அன்னிக்கே பார்த்துட்டா. இந்த எடத்துலதான் எங்கிட்ட தெலுங்குல கேட்டா, அம்மா, யானை காலு வெச்சிடுச்சு, அப்பாகிட்டச் சொல்லட்டுமான்னு. வேணாம், அப்புறம் அது முழுகிப் போயிடுமேன்னு அவரு கவலப்படுவாருன்னேன். சரின்னுட்டு, உங்க மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சுத் தன் பக்கம் திருப்பிக்கிட்டா.”

அது எனக்கு நினைவிருந்தது. அவளுடைய கை சில்லென்றிருந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். தாயும் மகளும் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நானும் உடன் சிரித்தேன். அந்தக் காட்சி முடியும்வரை நான் பார்த்தது திரையை அல்ல, அவள் முகத்தைத்தான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. சம்பங்கி ஒலியைக் கூட்டவில்லை. நான் கேட்டேன்: “நான் மத்தியான ஷிப்ட்டுக்குப் போன வாரமெல்லாம் சொன்னாளே, அதுலயும் இப்படித்தானா?”

“அதுல இன்னும் மோசம்.”

“என்ன சொன்னா, சொல்லு.”

அவள் தலையசைத்தாள். “இன்னிக்கி இவ்ளோதாங்க முடியும்.”

“ரெண்டு பேரும் அவ்வளவு பேசுவீங்களே. எனக்கு ஒண்ணுமே புரிஞ்சதில்ல.”

“புரியக் கூடாதுன்னுதான் பேசுவோம்.” அவள் உதட்டில் சிரிப்புப் போன்ற ஒன்று வந்து மறைந்தது. “உங்க பொறந்தநாளைக்கி என்ன வாங்கறதுன்னு உங்க எதுருலயே பேசியிருக்கறோம்.”

என் மகளின் வாழ்வில் பாதி என் காதருகிலேயே நிகழ்ந்தும் என்னைச் சேராமல் போயிற்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் எனக்குத் தந்தவை தமிழில் இருந்தன. என்னைப் பற்றி அவள் எண்ணியவை தெலுங்கில் இருந்தன. அந்தப் பகுதியைச் சம்பங்கி ஒருத்தியே வைத்திருந்தாள். மகளை மறக்க விரும்பியே அவள் பேசாதிருக்கிறாள் என்று நான் கொண்டிருந்த எண்ணம் முற்றிலும் தவறானது.

முப்பத்தாறு வயதுக்குமேல் நான் எழுதப் படிக்கக் கற்றவன். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறியவன். முயன்றால் எதையும் கற்கலாம் என்னும் உறுதி எனக்கு உண்டு. அந்த உறுதியோடு கேட்டேன்.

“எனக்குத் தெலுங்கு சொல்லித் தர்றியா? ஒரு வருசத்துல கத்துக்குவேன்.”

சம்பங்கி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கம் எனக்குரியதா, அவளுக்கே உரியதா என்று என்னால் கூற இயலாது.

“கத்துக்கினு யாருகிட்டங்க பேசப்போறீங்க?”

“உங்கிட்டத்தான்.”

அவள் கீரைத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கொத்தை எடுத்தாள், ஆயவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

“வேணாங்க. எங்கிட்டத் தமிழ்லயே பேசுங்க. தெலுங்கு நானும் தர்ஷியும் பேசினது.”

அந்தப் பெயரை நான் கேட்டது அவ்வாறுதான்.